ஒரே பெயர் தாங்கிய தமிழகப் பேரூர்கள்: அடை, நிலவியல், மக்கள்தொகை

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் ஒரே பெயரைத் தாங்கிய சிற்றூர்களும் பேரூர்களும் பல. கூடலூர், கீரனூர், சிவகிரி, வீரபாண்டி, திருப்பத்தூர், ஆலங்குடி, புதுப்பட்டி போன்ற பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட மாவட்டங்களில் வழங்குகின்றன. இவ்வூர்களை வேறுபடுத்த மக்கள் பயன்படுத்திய அடைகளையும், அரசு நிருவாகம் பயன்படுத்தும் அடையாளங்களையும் இக்கட்டுரை ஒப்பிட்டு விளக்குகிறது. மாவட்டப் பெயரை மட்டும் அடையாகக் கொள்வது காலத்தால் நிலைபெறாது என்பதும், ஊரின் அடையை நீக்கிவிட்டு மக்கள்தொகையையோ இலக்கியச் சான்றையோ பொருத்துவது பிழைக்கு வழிவகுக்கும் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஊர்ப்பெயராய்வு, அடை, பேரூராட்சி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மாவட்டப் பிரிப்பு.

முன்னுரை

ஊர்ப்பெயராய்வு தமிழில் வளமான துறை. ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழகம் ஊரும் பேரும்’ தொடங்கி இன்று வரை ஊர்ப்பெயர்களின் சொற்பிறப்பு, ஈற்றுச்சொல், வரலாற்றுப் பின்புலம் ஆகியன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஒரு பெயர் எவ்வாறு தோன்றியது என்னும் வினாவுக்கு இவ்வாய்வுகள் விடை தருகின்றன. அப்பெயரைத் தாங்கிய ஊர்கள் பலவாக இருக்கும்போது ஆவணத்தில் குறிக்கப்படுவது எவ்வூர் என்னும் வினா இதனின்றும் வேறானது. கள ஆய்வு மேற்கொள்வோர், கல்வெட்டுச் செய்தியைத் தொகுப்போர், புலவர்தம் ஊரைத் தேடுவோர், மக்கள்தொகை விவரத்தைக் கையாள்வோர் ஆகிய அனைவரும் இவ்வினாவை எதிர்கொள்கின்றனர்.

தொல்காப்பியக் கிளவியாக்கம் பலபொருள் ஒருசொல்லை வினை வேறுபடும் பலபொருள் ஒருசொல், வினை வேறுபடாப் பலபொருள் ஒருசொல் என இருவகைப்படுத்துகிறது. முன்னதன் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் விளங்கும். பின்னதனைப் பேசுவோர் வெளிப்படையாகக் கிளந்து கூறுதல் வேண்டும். ஒரே பெயர் தாங்கிய ஊர்களுக்கும் இப்பாகுபாடு பொருந்துகிறது. ‘கூடலூரில் தேயிலை பறித்தனர்’ என்றால் நீலகிரிக் கூடலூர் என்பது சார்பால் விளங்கும். ‘கூடலூரின் மக்கள்தொகை உயர்ந்தது’ என்றால் எக்கூடலூர் என்பதைக் கிளந்து கூறாமல் விளங்காது. ஆய்வுத் தரவுகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தவை.

ஒரே பெயர் பல ஊர்களுக்கு அமையும் காரணங்கள்

ஊர்ப்பெயர் பெரும்பாலும் அவ்வூரார் தமக்கென வழங்கிக்கொண்ட பெயராகும். பெயரிட்டோர் அறிந்த வட்டாரத்துக்குள் அப்பெயர் தனித்து நின்றால் போதுமானதாக இருந்தது. நூறு கல் தொலைவில் அதே பெயருடன் வேறோர் ஊர் இருப்பது அவர்களுக்கு இடையூறாக இல்லை. பெயரொற்றுமைக்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது நில அமைப்பு. ஆறுகளோ வழிகளோ கூடுமிடம் கூடலூர் எனவும், மேட்டுநிலத்துக் குடியிருப்பு மேட்டுப்பாளையம் எனவும், ஆலமரம் சார்ந்த குடியிருப்பு ஆலங்குடி எனவும் பெயர் பெறும். ஒத்த நிலக்கூறு பல இடங்களில் இருப்பதால் ஒத்த பெயரும் பல இடங்களில் தோன்றும்.

இரண்டாவது புதுக்குடியேற்றம். பழைய ஊரிலிருந்து பிரிந்து அமைந்த குடியிருப்பு புத்தூர், புதூர், புதுப்பட்டி, புதுப்பாளையம் என வழங்கும். இப்பெயர் ஊரின் இயல்பைக் காட்டாமல் பழைய ஊரோடு அதற்குள்ள உறவைக் காட்டுகிறது. தாயூரின் பெயரோடு சேர்த்துச் சொன்னாலன்றி ‘புதுப்பட்டி’ என்பது முழுப்பெயர் ஆகாது.

மூன்றாவது இறைவன் பெயரும் ஆள்பெயரும். சிவகிரி, வீரபாண்டி போன்றவை இவ்வகையின. புகழ் பெற்ற பெயர் பல வட்டாரங்களில் இடப்படுவது இயல்பு.

இவற்றுடன் ஈற்றுச்சொல்லின் வட்டாரத் தன்மையையும் கருத வேண்டும். ‘பட்டி’ மதுரையைச் சூழ்ந்த வானம்பார்த்த நிலப்பகுதிகளிலும், ‘பாளையம்’ கொங்குப் பகுதியிலும், ‘பாக்கம்’ வடதமிழகத்திலும் மிகுதி. இதனால் ஒரே பெயருடைய ஊர்கள் தமிழகம் முழுவதும் சீராகப் பரவாமல், பல நேரங்களில் அண்டை மாவட்டங்களிலேயே திரண்டு காணப்படுகின்றன. குழப்பம் மிகுவதும் அங்கேதான்.

மரபு வழங்கிய அடைகள்

ஊர்ப்பெயருக்கு அடை சேர்த்து வேறுபடுத்தும் வழக்கம் தேவாரக் காலத்திலேயே உறுதியாக இருந்தது. புத்தூர் என்னும் பெயருடைய தலங்கள் பலவாதலின், அரிசிலாற்றங்கரையில் உள்ளது அரிசிற்கரைப்புத்தூர் எனவும், கடுவாய் ஆற்றங்கரையில் உள்ளது கடுவாய்க்கரைப்புத்தூர் எனவும் பாடப்பெற்றன. முன்னது இன்று அழகாபுத்தூர் என்றும், பின்னது ஆண்டான்கோயில் என்றும் வழங்குகின்றன. இங்கு ஆறு அடையாக நின்றது.

திசையும் அவ்வாறே நின்றது. காவிரியின் வடகரையில் உள்ள குரங்காடுதுறை வடகுரங்காடுதுறை. தென்கரையில் உள்ளது தென்குரங்காடுதுறை. தென்குரங்காடுதுறையே இன்றைய ஆடுதுறைப் பேரூராட்சி. இங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இல் தொடங்கப்பட்டது. அங்கு உருவான நெல் வகைகள் ‘ஏ.டி.டி.’ என்னும் குறியெழுத்துடன் வழங்குவதால் ஊர்ப்பெயர் உழவர் வழக்கிலும் நிலைபெற்றது. வடகுரங்காடுதுறை திருவையாறு–கும்பகோணம் சாலையில் உள்ள சிற்றூர். அது ஆடுதுறைப் பெருமாள்கோயில் என வழங்குகிறது. இரண்டும் தஞ்சாவூர் மாவட்டத்தினுள் உள்ளன. ஆகவே ‘தஞ்சாவூர் மாவட்டம், ஆடுதுறை’ என்று எழுதுவது மட்டும் தலவரலாற்று ஆய்வில் போதிய அடையாளம் ஆகாது.

திருக்காட்டுப்பள்ளி இதற்கு இன்னொரு சான்று. கீழைத்திருக்காட்டுப்பள்ளி, மேலைத்திருக்காட்டுப்பள்ளி என இரு தலங்கள் உள. கீழைத்தலம் திருவெண்காட்டை அடுத்தது. மேலைத்தலம் தஞ்சாவூர் மாவட்டத்துத் திருக்காட்டுப்பள்ளிப் பேரூராட்சி. பேரூராட்சியின் பெயரில் ‘மேலை’ என்னும் அடை இன்று இல்லை. பெரிய ஊர் தன் அடையை இழப்பதும், சிறிய ஊர் தன் அடையை விடாது தாங்குவதும் பொதுவாகக் காணக்கூடிய போக்கு. அடையிழந்த பெயரைக் காணும் ஆய்வாளர் அதனை ஒரே ஊரின் பெயராக எண்ணிவிட இடமுண்டு.

சோழர் காலக் கல்வெட்டுகள் இவ்வகையில் மேலும் செப்பமானவை. வளநாடு, நாடு அல்லது கூற்றம், ஊர் என்னும் படிநிலையில் ஊரைக் குறிப்பது அவற்றின் நடைமுறை. பெயர் ஒன்றாயினும் நாடு வேறாதலின் ஊர் ஐயமின்றி விளங்கும். கல்வெட்டுச் செய்தியை எடுத்தாளும்போது நாட்டுப் பெயரை விடுத்து ஊர்ப்பெயரை மட்டும் எழுதுவது, கல்வெட்டை வெட்டுவித்தோர் கருதிச் சேர்த்த அடையாளத்தைக் களைவதாகும்.

தலைப்பெழுத்தும் எண்ணும்

இக்காலப் பேரூராட்சிகளின் பெயர்களில் தலைப்பெழுத்து அடையாக நிற்பது தமிழகத்தில் பரவலான வழக்கம். ஆளின் பெயருக்கு முன் தந்தை பெயரின் முதலெழுத்து நிற்பதுபோல, ஊரின் பெயருக்கு முன் தாயூர் அல்லது அண்டையூரின் முதலெழுத்து நிற்கிறது. மதுரை மாவட்டத்துத் தே. கல்லுப்பட்டி என்பது தேவன்குறிச்சிக் கல்லுப்பட்டி. திருச்சிராப்பள்ளி மாவட்டத்து ச. கண்ணனூர் என்பது சமயபுரம் கண்ணனூர். தருமபுரி மாவட்டத்துப் பொ. மல்லாபுரம் என்பது பொம்மிடி மல்லாபுரம்.

புதுப்பட்டிகளை நோக்கின் இவ்வழக்கின் தேவை தெளிவாகும். விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பைச் சார்ந்த வ. புதுப்பட்டி, தேனி மாவட்டத்தில் கம்பத்தைச் சார்ந்த க. புதுப்பட்டி, நாமக்கல் மாவட்டத்தில் இராசிபுரத்தைச் சார்ந்த ஆர். புதுப்பட்டி ஆகிய மூன்றும் பேரூராட்சிகள். ஊராட்சி நிலையிலுள்ள புதுப்பட்டிகள் இவற்றின் வேறானவை.

இத்தலைப்பெழுத்துகள் மொழிமாற்றத்தில் ஒரு சிக்கலை உண்டாக்குகின்றன. கம்பத்தின் ‘க’ ஆங்கில ஆவணத்தில் ‘சி’ ஆகிறது. வத்திராயிருப்பின் ‘வ’ அதன் ஆங்கில வடிவத்தை ஒட்டி ‘டபிள்யூ’ ஆகிறது. தேவன்குறிச்சியின் ‘தே’ ‘டி’ ஆகிறது. ஆங்கில ஆவணத்திலிருந்து மீண்டும் தமிழுக்கு வரும்போது ‘சி. புதுப்பட்டி’, ‘டபிள்யூ. புதுப்பட்டி’, ‘டி. கல்லுப்பட்டி’ என்னும் வடிவங்கள் தோன்றுகின்றன. க. புதுப்பட்டியும் சி. புதுப்பட்டியும் இரு வேறு ஊர்கள் என்று கொள்ளும் பிழை இவ்வாறே நேர்கிறது. தலைப்பெழுத்தை விரித்தெழுதினால் இப்பிழை நேராது.

எண்ணை அடையாகக் கொண்ட பெயரும் உண்டு. கோயம்புத்தூர் மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்று ‘எண் 4 வீரபாண்டி’ என வழங்குகிறது. முல்லைப் பெரியாற்றங்கரையில் கௌமாரியம்மன் கோயிலும் சித்திரைத் திருவிழாவும் கொண்ட வீரபாண்டி தேனி மாவட்டத்துப் பேரூராட்சி. சேலம் மாவட்டத்தில் வீரபாண்டி என்பது ஊராட்சி ஒன்றியத்தின் பெயராகவும் வழங்குகிறது. ஊர், பேரூராட்சி, ஒன்றியம் என்னும் வேறுபட்ட நிருவாக அலகுகளுக்கு ஒரே பெயர் நிற்பதை இது காட்டுகிறது.

கூடலூர்: பெயர் ஒன்று, நிலம் மூன்று

ஒரே பெயர் தாங்கிய ஊர்களின் நிலமும் மக்களும் எவ்வளவு வேறுபடக்கூடும் என்பதற்குக் கூடலூர் தக்க சான்று. நீலகிரி, தேனி, கோயம்புத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் கூடலூர் என்னும் பெயரில் நகராட்சி உண்டு. கோயம்புத்தூர் மாவட்டக் கூடலூர் 2021இல் பேரூராட்சி நிலையிலிருந்து நகராட்சியாக உயர்த்தப்பட்டது.

நீலகிரிக் கூடலூர் கேரள, கருநாடக எல்லைகளை ஒட்டிய மலைநிலம். இப்பகுதி முன்பு மலபார் மாவட்டத்து வயநாட்டின் தென்கிழக்குக் கூறாக இருந்து, 1877இல் நீலகிரியுடன் இணைக்கப்பட்டது. தேயிலைத் தோட்டங்கள் இங்குள்ள வேளாண்மையின் அடிப்படை. பணியர், காட்டுநாயக்கர் உள்ளிட்ட பழங்குடியினரும், மலையாளம் பேசுவோரும், 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழரும் இங்கு வாழ்கின்றனர். தாயகம் திரும்பியோருக்கு வேலை தரும் பொருட்டு அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாக்கப்பட்டமை இப்பகுதியின் மக்கள்தொகை வளர்ச்சியைப் புரிந்துகொள்ள இன்றியமையாத செய்தி.

தேனி மாவட்டக் கூடலூர் கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், குமுளிக்குச் செல்லும் வழியில் அமைந்தது. 1895இல் பயன்பாட்டுக்கு வந்த பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இப்பள்ளத்தாக்கில் இறங்குகிறது. நெல்லும் திராட்சையும் விளையும் பாசனநிலம் இது. இதன் மக்கள்தொகை வரலாறு நீர்ப்பாசனத்தோடும் எல்லை கடந்த ஏலத்தோட்டக் கூலி வேலையோடும் பிணைந்தது.

கோயம்புத்தூர் மாவட்டக் கூடலூர் மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையத்தை அடுத்தது. கோவை நகரின் தொழிற்புற விரிவாக்கம் இதன் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது. ஆலைத் தொழிலும் நகருக்கு நாள்தோறும் சென்று வரும் வேலையும் இங்கு முதன்மை பெறுகின்றன.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நீலகிரிக் கூடலூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 49 ஆயிரம். தேனி மாவட்டக் கூடலூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 41 ஆயிரம். மூன்றாவது கூடலூரும் ஐம்பதாயிரத்தைத் தாண்டாதது. இங்கு கருதத்தக்கது, மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவின என்பதே. ஓர் ஊர் மிகப் பெரியதாகவும் மற்றொன்று மிகச் சிறியதாகவும் இருப்பின், தவறாக எடுத்த எண் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். அளவொத்த ஊர்களில் தவறான எண்ணும் பொருத்தமாகவே தோன்றும். தேயிலைத் தொழிலாளரின் புலப்பெயர்வை ஆராயும் கட்டுரையில் பாசன ஊரின் எண்ணிக்கை இடம்பெற்றாலும் படிப்பவர் ஐயுற மாட்டார்.

மாவட்டப் பெயர் நிலையான அடையா?

இன்று ஆய்வாளர் ஊரை வேறுபடுத்தப் பெரும்பாலும் மாவட்டப் பெயரையே பயன்படுத்துகின்றனர். ஆறு, திசை, தாயூர் ஆகியவற்றோடு ஒப்பிட, மாவட்டமே காலத்தால் விரைந்து மாறும் அடையாகும்.

கீரனூர் என்னும் பெயரில் இரு பேரூராட்சிகள் உள்ளன. ஒன்று திருச்சிராப்பள்ளி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் அமைந்து, குளத்தூர் வட்டத்தின் தலைமையிடமாக விளங்குவது. மற்றொன்று பழனி வட்டத்தைச் சேர்ந்தது. முன்னது 1948 வரை புதுக்கோட்டைத் தனியரசிலும், பின் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும், 1974 முதல் புதுக்கோட்டை மாவட்டத்திலும் அடங்கியது. பின்னது 1985 வரை மதுரை மாவட்டத்தையும், அதன்பின் திண்டுக்கல் மாவட்டத்தையும் சார்ந்தது. ஆகவே 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ‘புதுக்கோட்டை மாவட்டக் கீரனூர்’ என்றோ ‘திண்டுக்கல் மாவட்டக் கீரனூர்’ என்றோ ஓர் ஊர் இல்லை. அவ்வாண்டுத் தொகுதிகளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் கீழும் மதுரை மாவட்டத்தின் கீழும் தேட வேண்டும்.

சிவகிரியும் இவ்வாறே. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பழைய பாளையமாகவும் ஜமீனாகவும் விளங்கிய சிவகிரி இன்று தென்காசி மாவட்டத்துப் பேரூராட்சியும் வட்டத் தலைமையிடமும் ஆகும். தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் உருவானதால், அதற்கு முந்தைய ஆவணங்கள் அனைத்தும் இவ்வூரைத் திருநெல்வேலி மாவட்டத்தில் வைக்கின்றன. மற்றொரு சிவகிரி மஞ்சள் விளையும் ஈரோட்டுச் சமவெளியில், கொடுமுடி வட்டத்தில் உள்ள பேரூராட்சி. இது 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டத்திலும், பின் பெரியார் மாவட்டத்திலும் இருந்தது. அம்மாவட்டமே பின்னர் ஈரோடு எனப் பெயர் மாறியது. ஐம்பதாண்டு மக்கள்தொகைப் போக்கை வரைய முனைவோர் ஈரோட்டுச் சிவகிரியை மூன்று மாவட்டப் பெயர்களின் கீழ்த் தேட வேண்டியுள்ளது.

திருப்பத்தூர் இதனினும் சிக்கலானது. வடக்கே உள்ள திருப்பத்தூர் சேலம் மாவட்டத்திலிருந்து 1911இல் வடஆர்க்காட்டுக்கு மாற்றப்பட்டு, பின்னர் வேலூர் மாவட்டத்தில் அடங்கி, 2019இல் தானே ஒரு மாவட்டத்தின் தலைநகரம் ஆயிற்று. தெற்கே உள்ள திருப்பத்தூர் தேவாரத்தில் திருப்புத்தூர் எனப் பெற்ற தலம். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட ஊர். இது இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து, 1985இல் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டத்தைச் சேர்ந்து, இன்று சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது. 2019க்குப் பின் ‘திருப்பத்தூர் மாவட்டம்’ என்னும் தொடர் வழக்குக்கு வந்துவிட்டமையால், ‘திருப்பத்தூர்’ என்று அடையின்றி எழுதினால் படிப்போர் வடக்கையே கருதும் நிலை உண்டாகியுள்ளது. மருது சகோதரர் வரலாற்றை எழுதுவோர்க்கு அடை இப்போது முன்னினும் தேவைப்படுகிறது.

ஆங்கில எழுத்துவடிவம் இச்சிக்கலை மேலும் வளர்க்கிறது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் சிறுகனூரை அடுத்துள்ள திருப்பட்டூர், பழைய திருப்பிடவூர் ஆகும். தமிழில் ‘ட்ட’வும் ‘த்த’வும் வேறாதலின் திருப்பட்டூரும் திருப்பத்தூரும் மயங்குவதில்லை. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே எழுத்துகளால் எழுதப்படக்கூடும். மறுதலையாக, தமிழில் ஒன்றேயான இரு திருப்பத்தூர்களும் ஆங்கிலத்தில் எழுத்து மாறி இரு வேறு பெயர்களாகத் தோற்றமளிக்கின்றன. 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துமுறையைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றிய அரசாணை வெளியாகிச் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆங்கில வடிவம் இன்னும் உறுதிப்படவில்லை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. ஆய்வாளர் ஊர்ப்பெயரின் தமிழ்வடிவையே மூலமாகக் கொள்வது இக்காரணத்தாலும் தக்கது.

மக்கள்தொகை எண் எவ்வலகைக் குறிக்கிறது?

ஊர் எது என்பது தெளிந்த பின்னும், மக்கள்தொகை எண் எவ்வலகுக்கு உரியது என்னும் வினா எஞ்சுகிறது. வருவாய்க் கிராமம், ஊராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியம், வட்டம் ஆகியன ஒரே பெயரில் வழங்கலாம். கூடலூர் நகராட்சியின் மக்கள்தொகையும் கூடலூர் வட்டத்தின் மக்கள்தொகையும் வேறு. இதற்கு எதிரான நிலையும் உண்டு: கீரனூரில் அமைந்த வட்ட அலுவலகம் குளத்தூர் வட்டம் என வழங்குவதால், கீரனூர் வட்டம் என்று தேடுவோர்க்கு அது கிட்டாது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் மக்கள்தொகை 7,21,47,030. மாநிலத்தில் அப்போது 721 சட்டமுறை நகரங்களும் 376 கணக்கெடுப்பு நகரங்களும் இருந்தன. நகராட்சி, பேரூராட்சி போன்று சட்டத்தால் அமைந்தவை சட்டமுறை நகரங்கள். நிருவாகத்தில் ஊராட்சியாகவே இருந்தும், குறைந்தது 5,000 மக்கள்தொகை, சதுரக் கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர், ஆண் தொழிலாளருள் குறைந்தது 75 விழுக்காட்டினர் வேளாண்மை சாராத் தொழிலினர் என்னும் மூன்று அளவுகோல்களையும் நிறைவு செய்தவை கணக்கெடுப்பு நகரங்கள். எனவே ஒரே பெயருடைய இரு ஊர்களில் ஒன்று நகர்ப்புறப் பட்டியலிலும் மற்றொன்று கிராமப்புறப் பட்டியலிலும் இடம்பெறக்கூடும். நகர்ப்புறப் பட்டியலில் ஒரு பெயரைக் கண்டவுடன் தேடலை நிறுத்துவது பிழைக்கு இடந்தரும்.

பேரூராட்சியின் தகுதியும் மாறியதுண்டு. 2004இல் பெரும்பாலான பேரூராட்சிகள் சிறப்பு ஊராட்சிகளாக மாற்றப்பட்டு, 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. இம்மாற்றம் 2001, 2011 கணக்கெடுப்புகளுக்கு இடையில் நிகழ்ந்து முடிந்தது. ஆகவே அவ்விடைக்கால அரசு ஆவணங்களில் ‘சிறப்பு ஊராட்சி’ எனக் காணப்படும் ஊர், அதே பெயருடைய வேறோர் ஊராட்சி அன்று என்பதை உணர்தல் வேண்டும்.

எண் வடிவிலான அடையாளங்கள் இங்கு துணைபுரிகின்றன. 2011 கணக்கெடுப்பு ஒவ்வொரு கிராமத்துக்கும் நகரத்துக்கும் ஆறிலக்கக் குறியீட்டெண்ணை வழங்கியது. அஞ்சல் குறியீட்டெண் 1972 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்தபோது, பெயரொத்த ஊர்களால் விளைந்த குழப்பத்தைக் களைவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. நீலகிரிக் கூடலூரின் அஞ்சல் எண் 643 எனவும், தேனி மாவட்டக் கூடலூரின் எண் 625 எனவும், கோவைக் கூடலூரின் எண் 641 எனவும் தொடங்கும். 1996இல் மதுரையிலிருந்து தேனி பிரிந்த பின்னும் தேனி மாவட்டக் கூடலூர் மதுரைக்குரிய 625 என்னும் தொடக்கத்தையே தாங்கி நிற்கிறது. மாவட்டம் மாறினும் எண் மாறவில்லை.

இலக்கியச் சான்றைப் பொருத்துதல்

பெயரொற்றுமையால் நேரும் பிழை மக்கள்தொகை ஆய்வோடு நிற்பதில்லை. சங்கப் புலவர் பெயர்களில் ஊர்ப்பெயர் அடையாக நிற்பது மிகுதி. ஆலங்குடி வங்கனார் என்னும் பெயரைக் கொண்டு புலவரின் ஊரை வரையறுக்க முனைவோர் முதலில் எதிர்கொள்வது, ஆலங்குடிகள் பலவாக உள்ளன என்பதையே. புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி வட்டத் தலைமையிடமான பேரூராட்சி. திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடி, குருத்தலமாகப் பெயர் பெற்ற ஊர். இவற்றுள் திருவாரூர் மாவட்டத் தலத்தின் தேவாரப் பெயர் இரும்பூளை. தேவாரத்தில் இரும்பூளை எனப் பெற்ற தலம் சங்க காலத்தில் ஆலங்குடி என வழங்கியதா என்பது தனியே நிறுவப்பட வேண்டும். இன்று புகழ் பெற்றது என்பதற்காக ஓரூரைப் புலவரின் ஊராகக் கொள்வதும், ஆய்வாளரின் சொந்த மாவட்டத்தது என்பதற்காகக் கொள்வதும் ஒரே வகைப் பிழைகளே. பெயரொற்றுமை ஆய்வின் தொடக்கமாகலாம். அதனை முடிவாகக் கொள்ளல் ஆகாது.

இப்பிழை ஒருமுறை அச்சேறினால் மேற்கோள் வழியே பரவும். தலவரலாற்று நூலிலிருந்து ஊராட்சியின் அறிமுகக் குறிப்புக்கும், அங்கிருந்து பட்ட ஆய்வேட்டின் ‘ஊரும் பெயரும்’ இயலுக்கும் அது செல்லும். பின்வருவோர்க்கு மூன்று சான்றுகள் இருப்பதுபோல் தோன்றினும் உண்மையில் இருப்பது ஒரே பிழையின் மூன்று படிகளே.

ஊரைப் பதிவு செய்யும் முறை

மேற்கண்டவற்றின் அடிப்படையில், ஆய்வில் ஓர் ஊரை முதன்முறை குறிக்கும்போது நான்கு கூறுகளைப் பதிவு செய்வது தக்கது. முதலாவது, ஊரின் தமிழ்ப்பெயர், தலைப்பெழுத்து விரிக்கப்பட்ட வடிவில். இரண்டாவது, ஆறு, மலை, திசை, தாயூர் ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்ட மரபு அடை. மூன்றாவது, நிருவாக அலகின் வகை, வட்டம், மாவட்டம் ஆகியன, எவ்வாண்டு நிலை என்னும் குறிப்புடன். நான்காவது, கணக்கெடுப்புக் குறியீட்டெண் அல்லது அஞ்சல் குறியீட்டெண். ‘சிவகிரி, ஈரோடு மாவட்டம்’ என்பதினும் ‘சிவகிரிப் பேரூராட்சி, கொடுமுடி வட்டம், ஈரோடு மாவட்டம், 1979க்கு முன் கோயம்புத்தூர் மாவட்டம்’ என்பது சில சொற்களே மிகுதி. பின்வரும் ஆய்வாளர் பழைய தொகுதிகளில் அவ்வூரைக் கண்டடைய அச்சொற்களே வழிகாட்டும்.

கள ஆய்வில் ஊராரையே வினவுவதும் பயன்தரும். அண்டையூரார் இவ்வூரை எவ்வாறு வேறுபடுத்திச் சொல்கின்றனர் என்று கேட்டால், ஆவணத்தில் இல்லாத அடை வாய்மொழியாகக் கிடைக்கும். தாயூர், குடியேற்றம், பழைய எல்லை பற்றிய செய்திகள் அந்த அடையிலேயே பொதிந்திருக்கக்கூடும்.

முடிவுரை

ஒரே பெயர் தாங்கிய ஊர்கள் நில அமைப்பாலும் குடியேற்றத்தாலும் பெயர் மரபாலும் இயல்பாகத் தோன்றியவை. அவற்றை வேறுபடுத்தத் தேவாரம் ஆற்றையும் திசையையும், கல்வெட்டு நாட்டையும், மக்கள் தாயூரையும், அரசு எழுத்தையும் எண்ணையும் பயன்படுத்தின. அடை ஊர்ப்பெயரின் ஓர் உறுப்பு என்பது இவையனைத்துக்கும் பொதுவான கருத்து. இக்கால ஆய்வில் மாவட்டப் பெயர் ஏனைய அடைகளின் இடத்தைப் பெற்றுவிட்டது. மாவட்டங்களோ தொடர்ந்து பிரிக்கப்பட்டும் பெயர் மாற்றப்பட்டும் வருகின்றன. 2021இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், அடுத்த கணக்கெடுப்பின் எண்கள் வெளிவரும்போது அவற்றை 2011ஆம் ஆண்டு எண்களோடு ஒப்பிடுவோர், இடையில் உருவான புதிய மாவட்டங்களையும் நிலை உயர்ந்த பேரூராட்சிகளையும் கடந்தே ஊரை அடையாளம் காண வேண்டியிருக்கும். தானாக விளங்காத பெயரைக் கிளந்து கூறுக என்று தொல்காப்பியர் சொல்லுக்கு வகுத்த நெறியை ஊருக்கும் கொள்வது அப்பணிக்குத் துணையாகும்.